லேவியராகமம் 23: பண்டிகைகளைக் கிறிஸ்தவர்கள் படிக்கும் முறை

முதலில் இஸ்ரவேலின் பண்டிகைகளை வரிசையாகச் சொல்லும் பழைய ஏற்பாட்டு அதிகாரமான லேவியராகமம் 23-ஐ ஒரே அமர்வில் வாசியுங்கள். பிறகு ஒவ்வொரு பண்டிகைக்கும் நாள், பலி, காரணம் மூன்றையும் தாளில் எழுதுங்கள். புதிய ஏற்பாட்டைத் திறப்பது அதற்குப் பிறகுதான். அவசரப்பட்டால் எல்லா விவரத்திலும் இயேசுவைத் தேடி, இஸ்ரவேலுக்கு அந்த நாள் என்னவாக இருந்தது என்பதையே தவறவிடுவோம்.

எகிப்திலிருந்து கிடைத்த விடுதலையை நினைவுகூரும் பஸ்காவில் நிதானமாக நில்லுங்கள். யாத்திராகமம் 12-இன்படி ஆட்டுக்குட்டியை 10-ஆம் தேதி தெரிந்தெடுத்து, 14-ஆம் தேதி மாலையில் கொல்ல வேண்டும், எலும்பை முறிக்கக்கூடாது. இதோடு யோவான் 19:36 (இயேசுவின் எலும்பு முறிக்கப்படாதது), 1 கொரிந்தியர் 5:7 (கிறிஸ்துவே நமது பஸ்கா) இரண்டையும் வைத்துப் பாருங்கள்.

அறுவடையின் முதற்கதிர்க்கட்டைக் கர்த்தர்முன் அசைவாட்டிய நாளிலிருந்து ஏழு வாரம் எண்ணினால், 50-ஆம் நாள் பெந்தெகொஸ்தே. எண்ணத் தொடங்கும் நாள் எது என்பதில் பரிசேயர், சதுசேயர் என்ற இரு யூத மதப் பிரிவினருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது, அதனால் அடித்துச் சொல்லாதீர்கள். அன்று படைக்கும் இரண்டு அப்பங்களும் புளித்தவை என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை.

பாவநிவிர்த்தி நாளுக்கு லேவியராகமம் 16, எபிரெயர் 9. கூடாரப்பண்டிகைக்கு யோவான் 7 வாசியுங்கள். எக்காளப் பண்டிகையை இயேசுவின் இரண்டாம் வருகையோடு இணைப்பது விளக்கம் மட்டுமே, வசனம் நேராகச் சொல்லவில்லை.

இன்றைய யூத வீடுகளின் பஸ்கா விருந்துமுறை பெரும்பாலும் கி.பி. 70-இல் எருசலேம் ஆலயம் அழிந்த பின் உருவானது. அதை அப்படியே இயேசுவின் கடைசி இராப்போஜனத்தில் ஏற்றாதீர்கள். இந்தப் பண்டிகைகளைக் கைக்கொள்ளாதவரைக் குறைசொல்லவும் இடமில்லை: கொலோசெயர் 2:16.