'வேண்டாம்' என்று நினைத்து இங்கிலீஷில் எழுதாதீர்கள்: மலையிலிருந்து இங்கிலாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறவர்களுக்கு

லீவில் கோத்தகிரி வந்து பத்து நாள் ஆகிறது. அதற்குள் நாலு பேர் வீடு தேடி வந்துவிட்டார்கள். குன்னூரிலிருந்து ஒரு பெண், கூடலூரிலிருந்து அக்காவும் தங்கையும், எங்கள் தெருவிலேயே ஒரு தம்பி. எல்லாருமே இங்கிலாந்துக்கு நர்ஸ் வேலைக்குக் கிளம்புகிறவர்கள். எந்த ஸ்வெட்டர் எடுத்துப் போவது, குக்கர் கொண்டுபோகலாமா, அரிசி அங்கே கிடைக்குமா என்று கேட்டார்கள். அரிசி கிடைக்கும், குக்கர் கொண்டு போங்கள், நம் மலைக்குளிரை நம்பி அந்தக் குளிரை எடைபோடாதீர்கள். அங்கே குளிரைவிடக் காற்றுதான் கொல்லும். ஆனால் நான் சொல்ல நினைத்தது வேறு. அதை நாலு தரம் வாயால் சொல்லி முடித்ததும், எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஆபீஸ் காரியங்களை முதலில் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். விசாவுக்கு இப்போது அட்டை கிடையாது, இ-விசாதான். அதற்கான ஆன்லைன் கணக்கைக் கிளம்பும் முன்பே திறந்து, பாஸ்போர்ட்டோடு இணைத்துவிடுங்கள். என்ஐ நம்பர் (வரிக்கும் சம்பளப் பிடித்தத்துக்கும் கேட்கிற எண்), பேங்க் அக்கவுண்ட், வீட்டுக்குப் பக்கத்து ஜிபியிடம், அதாவது குடும்ப டாக்டரிடம் பதிவு, இவை மூன்றையும் முதல் இரண்டு வாரத்தில் ஆரம்பித்துவிடுங்கள். நம்மைப் போன்றவர்கள் எடுக்கிற வாடகை வீட்டுக்கு டெபாசிட் 5 வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. வாங்கிய டெபாசிட்டை வீட்டுக்காரர் 30 நாளுக்குள் அரசு ஒப்புதல் பெற்ற திட்டத்தில் பதிந்தாக வேண்டும். அந்தச் சான்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆஸ்கி என்கிற நர்ஸ் செய்முறைத் தேர்வில் தேறிய பிறகுதான் அங்கத்து நர்ஸ் பதிவு அமைப்பான என்எம்சியின் பதிவெண். இதெல்லாம் ஏஜென்ட்டும் ஆஸ்பத்திரியும் சொல்லித்தருவார்கள்.

யாரும் சொல்லித்தராதது 'வேண்டாம்' என்ற சொல்லைத்தான்.

என்எம்சி கேட்கிற ஐஇஎல்டிஎஸ் இங்கிலீஷ் தேர்வு மார்க் உங்களுக்கே தெரியும்: எழுத்துக்கு 6.5, மற்ற மூன்றுக்கும் 7. நான் அதை முதல் தடவையிலேயே வாங்கினேன். இங்கிலீஷ் கடல் தாண்டியாயிற்று என்று நினைத்துத்தான் போனேன்.

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம், முதியோர் வார்டு. எண்பது தாண்டிய ஒரு தாத்தா என் பொறுப்பில் இருந்தார். சரியாகச் சாப்பிடாமல் மெலிந்துபோனவர். அதனால் தினமும் இரண்டு வேளை சத்துப் பானம் எழுதியிருந்தார்கள். அதன் இனிப்பு அவருக்கு ஆகாது, முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் குடிப்பார். ஒரு மதியம் டயட்டீஷியன், அதாவது உணவு நிபுணர் வந்து பார்த்துவிட்டுப் போகிற போக்கில் என்னிடம், "ஹீ டசன்ட் ஹேவ் டு ஹேவ் இட் இஃப் ஹீ ஃபினிஷஸ் ஹிஸ் லன்ச்" என்றார். என் மனசில் அது தமிழாக விழுந்தது: மதியச் சாப்பாட்டை முழுசாகச் சாப்பிட்டுவிட்டால் பானம் வேண்டாம். அதில் ஒரு பிழையும் இல்லை. சாயங்காலம் ஹேண்ட்ஓவர், அதாவது அடுத்த ஷிப்டுக்கான குறிப்புச் சீட்டு எழுதும்போது அந்தத் தமிழைத் திரும்ப இங்கிலீஷாக்கினேன்: "மஸ்ட் நாட் பி கிவன் இஃப் லன்ச் ஈட்டன்."

அடுத்தடுத்து வந்த ஷிப்ட்காரர்கள் அதைத் தடை என்று படித்தார்கள். ஏதோ மருத்துவக் காரணம் இருக்கும் என்று நம்பினார்கள். நாலு வாய் சாப்பிட்டாலும் லன்ச் ஆயிற்று என்று குறித்துவிட்டுப் பானத்தை நிறுத்தினார்கள். ஒரு சாயங்காலம் பசித்துப்போய் அவரே வாய்விட்டுக் கேட்டிருக்கிறார், அப்போதும் கொடுக்கவில்லை. வார எடை பார்த்தபோது குறைந்திருந்தது. சீட்டைத் தேடினார்கள். என் கையெழுத்து.

டயட்டீஷியன் சொன்னது 'கட்டாயமில்லை'. நான் எழுதியது 'கூடவே கூடாது'. இரண்டுக்கும் நடுவில் நின்றது நம்முடைய 'வேண்டாம்'.

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 மே 7 முதல், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, வெளியூர் வண்டிகள் நீலகிரிக்கு வர இ-பாஸ் வேண்டும். செக்போஸ்ட்டில் நிற்கிறவர் டிஎன் 43 என்ற நம் நீலகிரி நம்பரைப் பார்த்ததும், "உங்களுக்கு இ-பாஸ் வேண்டாங்க, போங்க" என்பார். பின்னால் வருகிற வண்டியின் ஜன்னலில் தண்ணீர் பாட்டிலைப் பார்த்துவிட்டு, "பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாங்க, எடுத்துக் கொடுங்க" என்பார். சொல் ஒன்றுதான். முதல் வண்டிக்காரர் இ-பாஸ் வைத்திருந்தாலும் யாரும் பிடிக்கப்போவதில்லை. இரண்டாவது வண்டிக்காரர் பாட்டிலைக் கொடுத்தாக வேண்டும். நமக்கு இதில் ஒரு நாளும் குழப்பம் வந்ததில்லை. ஆளையும் இடத்தையும் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். இங்கிலீஷ்காரர் சொல்லிலேயே பிரித்துவிடுவார். முதலாவது 'டோன்ட் ஹேவ் டு'. இரண்டாவது 'மஸ்ட் நாட்'. இடம் மாறினால் பொருள் தலைகீழ்.

கேட்கும்போதும் இதே கதைதான். என்னோடு அறையில் இருந்த பெண்ணிடம் மேலதிகாரி, சனிக்கிழமைப் பயிற்சிக்கு "யூ டோன்ட் ஹேவ் டு கம்" என்றார். வர வேண்டாம் என்கிறார்கள் என்று அவள் அறையிலேயே இருந்துவிட்டாள். விருப்பமிருந்தால் வரலாம் என்பதுதான் அதன் பொருள். போனவர்களுக்குப் பயிற்சிச் சான்றிதழ் கிடைத்தது. அவள் அடுத்த பயிற்சிக்கு எட்டு மாதம் காத்திருந்தாள்.

என் கதை அந்தச் சீட்டோடு முடிந்திருந்தால் எச்சரிக்கையோடு போயிருக்கும். நடந்ததை ஸ்டேட்மென்ட்டாக எழுதித் தரச் சொன்னார்கள். என் தப்பு எனக்குத் தெரிந்திருந்தது. டயட்டீஷியனிடம் இன்னொரு தரம் கேட்டிருக்க வேண்டும், கேட்காமல் விட்டேன், அதை நேர்மையாக ஒப்புக்கொள்வோம் என்று உட்கார்ந்து எழுதினேன்: "ஐ மஸ்ட் ஹேவ் ஆஸ்க்ட் தி டயட்டீஷியன் அகெய்ன்."

படித்தவர்களுக்கு அது எப்படிப் போய்ச் சேர்ந்தது தெரியுமா? 'டயட்டீஷியனிடம் மறுபடி கேட்டிருப்பேன், நிச்சயம் கேட்டிருப்பேன்.' டயட்டீஷியனோ, தன்னிடம் யாரும் கேட்கவில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார். தப்பை ஒப்புக்கொள்ள எழுதிய வரி, தப்பை மறைக்க எழுதிய பொய்யாகிவிட்டது.

'கேட்டிருக்க வேண்டும்' என்று தமிழில் சொன்னால் இரண்டு பொருளும் வரும். "நேற்று ராத்திரி மழை பெய்திருக்க வேண்டும், ரோடெல்லாம் ஈரம்" என்றால் அது ஊகம். "நீ அப்போதே என்னிடம் சொல்லியிருக்க வேண்டும்" என்றால் அது குறை. ஊகத்துக்கு இங்கிலீஷில் 'மஸ்ட் ஹேவ்'. செய்யாமல் விட்ட கடமைக்கு 'ஷுட் ஹேவ்'. நான் எழுத வேண்டியிருந்தது 'ஐ ஷுட் ஹேவ் ஆஸ்க்ட்'. இன்னொன்றும் இதோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள்: கட்டாயப் பொருளில் வருகிற 'மஸ்ட்'டுக்கு இறந்தகாலம் கிடையாது. நேற்று டாக்டரைக் கூப்பிட வேண்டியிருந்தது, கூப்பிட்டேன் என்றால், 'ஐ ஹேட் டு கால்'. மருந்து கொடுத்தது பற்றி எழுதும்போது 'மஸ்ட் ஹேவ் கிவன்' என்று ஒருபோதும் எழுதாதீர்கள். கொடுத்தீர்களா இல்லையா என்று உங்களுக்கே தெரியாது என்றுதான் படிப்பார்கள்.

எனக்குப் புரொபேஷன் மூன்று மாதம் நீண்டது. கூடுதல் ஷிப்ட் எதுவும் தரவில்லை. பச்சைத் தேயிலைக்கு விலையே இல்லாத சமயம் அது. அப்பாவின் கடனுக்கு நான் அனுப்பிக்கொண்டிருந்த பணம் அந்த மாதங்களில் நின்றுபோனது. "பரவாயில்லம்மா, நீ உடம்பைப் பாரு" என்று அவர் போனில் சொல்வார். அதைக் கேட்டுவிட்டு அழுதிருக்கிறேன். அத்தனை பெரிய ஆஸ்பத்திரியில் ஒருவர்கூட என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நீ சொல்ல வந்தது இதுதானா என்று கேட்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் எனக்குத் தீரவில்லை.

முடிச்சை அவிழ்த்தது ஒரு மலையாளி அக்கா, இருபது வருஷமாக அங்கே வேலை பார்க்கிறவர். சீட்டையும் ஸ்டேட்மென்ட்டையும் நான் மனப்பாடமாகச் சொன்னதும், "மோளே, எங்களுக்கும் 'வேண்டா'தான்" என்றார். அவரும் ஆரம்பத்தில் இதே குழியில் விழுந்தவர்.

அவர் சொல்லித்தந்த வழியைத்தான் நான் எல்லாருக்கும் சொல்கிறேன். எழுதுவதற்கு முன்னால் மனசில் 'வேண்டாம்' வந்தால், பேனாவை நிறுத்துங்கள். அந்த இடத்தில் 'கூடாது' போட்டுப் பாருங்கள், பிறகு 'தேவையில்லை' போட்டுப் பாருங்கள். கூடாது என்றால் 'மஸ்ட் நாட்'. தேவையில்லை என்றால் 'டோன்ட் ஹேவ் டு', அல்லது 'டோன்ட் நீட் டு'. நம் மொழியில் இந்த வித்தியாசம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். செய்தே ஆக வேண்டும், செய்ய வேண்டியிருக்கிறது, செய்வது நல்லது, செய்யலாம், செய்யத் தேவையில்லை, செய்யக் கூடாது என்று தமிழில் படிப்படியாக எல்லாம் இருக்கிறது. அவசரத்தில் எல்லாவற்றையும் வேணும், வேணாம் என்ற இரண்டில் அடக்கிவிடுகிறோம், அவ்வளவுதான்.

'வேணும்' பக்கமும் கொஞ்சம் கவனம் தேவை. நமக்கு ஆசையும் அதுதான், அவசியமும் அதுதான், கட்டளையும் அதுதான். நோயாளியிடம் "யூ மஸ்ட் டேக் திஸ் டேப்லெட்" என்று நாம் அன்பாகத்தான் சொல்வோம். அவர் காதில் அது அதட்டலாக விழும், ஏனென்றால் 'மஸ்ட்' என்றால் சொல்கிறவரே அதிகாரம் எடுத்துக்கொள்கிற தொனி. 'ஹேவ் டு' வெளியிலிருக்கிற விதியையோ சூழ்நிலையையோ காட்டும், அதனால் உறுத்தல் குறைவு. வாய்ப்பேச்சில் 'நீட் டு' இன்னும் மென்மை. காகிதத்தில் மட்டும் 'மஸ்ட்' வந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். என்எம்சி நடத்தை விதிகளில் ஒவ்வொரு பகுதியும் "யூ மஸ்ட்" என்றுதான் கடமைகளைத் தொடங்கும். எந்த நோய்க்கு என்ன சிகிச்சை என்று வழிகாட்டுகிற நைஸ் அமைப்பின் வழிகாட்டிகளில் சட்டக் கடமை போன்ற கடுமையான இடங்களுக்குத்தான் 'மஸ்ட்' போடுவார்கள். வலுவான பரிந்துரைக்கு 'ஆஃபர்', அதற்கும் கீழே 'கன்சிடர்'. ஒவ்வொரு வினைச்சொல்லையும் எடைபோட்டுத்தான் வைத்திருப்பார்கள், நீங்களும் எடைபோட்டுப் படியுங்கள்.

மலையில் வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும். இந்திய லைசென்ஸை வைத்து அங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் ஓட்டலாம். ஓட்டும் முன் ஹைவே கோட் என்ற அவர்களுடைய சாலை விதிப் புத்தகத்தைப் படியுங்கள். அதில் 'மஸ்ட்' என்று இருப்பதெல்லாம் சட்டம், மீறினால் குற்றம். 'ஷுட்' என்று இருப்பது அறிவுரை. ஆனால் விபத்து என்று கோர்ட்டுக்குப் போனால், 'ஷுட்'டை மதிக்காததையும் உங்களுக்கு எதிராகக் காட்டலாம். ஒற்றைத்தடச் சாலையில் மேலேறி வருகிற வண்டிக்கு முடிந்தபோதெல்லாம் வழிவிடுங்கள் என்றும் அதில் எழுதியிருக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு மேட்டுப்பாளையம் ரோடு கண்முன் வந்து, பஸ்ஸின் ஹாரன்கூடக் காதில் கேட்டது.

இன்னொன்று, மேலதிகாரி "யூ மைட் வாண்ட் டு ரிங் தி ஃபேமிலி" என்றால் அது யோசனை இல்லை, உடனே போன் செய் என்று பொருள். இது நமக்குப் புதிதும் இல்லை. "மிஸ்ட் இறங்குது, கொடியில துணி கிடக்கு" என்று அத்தை சொன்னால், வானிலை சொல்கிறார் என்று எந்த மருமகளும் உட்கார்ந்திருக்க மாட்டாள். "யூ வேர் சப்போஸ்ட் டு" என்று ஒரு வாக்கியம் தொடங்கினால், நீங்கள் எதையோ செய்யாமல் விட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

புரியவில்லை என்றால் நேராகக் கேளுங்கள்: "டு ஐ ஹேவ் டு, ஆர் இஸ் இட் ஆப்ஷனல்?" கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து குடும்பத்தோடு இந்த மலைக்கு வந்த எங்கள் தாத்தாவும் பாட்டியும், படிக்கத் தெரியாத இங்கிலீஷ் காகிதங்களில் ரேகை வைத்தவர்கள். எதில் என்ன கட்டாயம், எது அவர்கள் விருப்பம் என்று கேட்க அவர்களுக்கு ஆள் இல்லை. உங்களுக்கு நான் இருக்கிறேன்.

வார்டில் இருந்த அந்தத் தாத்தாவைப் பற்றிக் கூடலூர்த் தங்கை கேட்டாள். சீட்டைத் திருத்திய மறுநாளிலிருந்து பானம் கொடுத்தோம், எடை மெல்ல ஏறியது. வீட்டுக்குப் போகிற அன்று காலையில் மேஜை மேல் பிஸ்கட் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். வேலை நேரம், வேண்டாம் என்று தலையாட்டினேன். "ஓ, யூ மஸ்ட்" என்றார். எங்கள் பாட்டி விருந்தாளியிடம், "சாப்பிடாமப் போகக் கூடாது" என்பாரே, அதே குரல். ஒன்று எடுத்துக்கொண்டேன்.