டியூன் பண்ணின ஈ55 வாங்கிறதெண்டால் பவரைக் கடைசியாப் பாருங்கோ

476 குதிரை வலு, 700 நியூட்டன் மீற்றர், நிண்ட இடத்திலையிருந்து 100 கிலோமீற்றர் வேகத்துக்கு 4.7 செக்கன். 2002 கடைசியிலை மெர்சிடிஸின்ர டபிள்யூ211 எண்ட தலைமுறை ஈ-கிளாசுக்குள்ளை, அதின்ர வேகக்கார் பிரிவான ஏஎம்ஜி வைச்சுக் குடுத்த கணக்கு இது. அந்தக் காருக்குப் பேர்தான் ஈ55. அதே காலத்து ஃபெராரி 360 மொடேனாவுக்கு 400 குதிரை, 373 நியூட்டன் மீற்றர்தான். ஈ55 இலை பின் சீற்றிலை அம்மா அப்பாவை இருத்தி, டிக்கியிலை அரிசி மூட்டையும் ஏத்திக்கொண்டு ஓட்டோபானிலை அந்த ஃபெராரியை விடாமல் பின்தொடரலாம். இதுக்கு மேலை ஆரோ ஒருத்தர், எஞ்சினுக்குள்ளை காத்தைத் தள்ளுற கொம்பிரசரின்ர புல்லியை (பெல்ற் ஓடுற சில்லை) மாத்தி, எஞ்சின் கொம்பியூட்டரையும் திருத்தி எழுதிவிட்டால் 550 குதிரைக்குப் போயிடும். இண்டைக்கு ஜேர்மனியிலை இப்பிடியான கார் ஒரு புது ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் விலைக்குள்ளை கிடைக்குது. அதாலைதான் எங்கட பெடியள் கனபேர் இதைத் தேடித் திரியினம்.

நான் ஜேர்மனியின்ர ரூர் பக்கத்திலை கராஜ் வேலை செய்யிறவன். "அண்ணை, ஒருக்கால் வந்து பாத்துச் சொல்லுங்கோ" எண்டு கூப்பிட்டால் நான் பாக்கிற ஒழுங்கு இதுதான்: முதல் பேப்பர், பிறகு பிறேக், பிறகு சூடு. பவரைப் பற்றிக் கடைசியிலைதான் வாய் திறப்பன். இந்த எஞ்சினிலை பவரைக் கூட்டிறது மலிவான வேலை. கூட்டின பவர் உண்டாக்கிற சூட்டை வெளியிலை அனுப்பிறதுக்கும், 1,800 கிலோவுக்கு மேற்பட்ட வண்டியை அந்த வேகத்திலை நிப்பாட்டிறதுக்கும்தான் காசு போகும்.

பேப்பரை வீட்டிலை இருந்தே பாக்கலாம். காரைப் பாக்கப் போறதுக்கு முதலே, விக்கிறவரிட்டை ஃபாட்சொய்க்ஷைனை, அதாவது வாகனப் பதிவுப் பத்திரத்தை, படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. அதிலை பி.2 (P.2) எண்ட கட்டத்திலை கிலோவாற் கணக்கு இருக்கும். கொம்பனியிலை இருந்து வந்தபடி இருக்கிற ஈ55 க்கு அது 350. விளம்பரத்திலை 580 குதிரை எண்டு போட்டிருக்கு, பி.2 இலை இன்னும் 350 தான் நிக்குது எண்டால், அந்த மாற்றம் பதியப்படேல்லை. ரி (T) எண்ட கட்டத்திலை உச்ச வேகம் இருக்கும். மணிக்கு 250 கிலோமீற்றர் எண்ட வேகப் பூட்டைத் திறந்துவிட்ட கார் எண்டால் அதுவும் மாறியிருக்க வேணும். 15.1, 15.2 இலை ரயர் அளவுகள். மாத்தின சாமான்களின்ர விபரம் 22 ஆம் கட்டத்திலை.

பதியாட்டில் என்ன எண்டு கேக்கிற பெடியள் இருக்கினம். ஜேர்மன் வாகன விதியின்ர 19 ஆம் பிரிவு இதைத் தெளிவாச் சொல்லுது: புகையையோ சத்தத்தையோ கூட்டிற, இல்லாட்டி மற்றவைக்கு ஆபத்து வரக்கூடிய மாற்றம் செய்தால் காரின்ர ஓட்ட அனுமதியே செல்லாமல் போகும். அதுக்குப் பிறகு ஒரு விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் உங்களைத்தான் திரும்பிப் பாப்பினம். "சான்றிதழ் லாச்சியிலை கிடக்கு" எண்டு விக்கிறவர் சொன்னாலும் காணாது. பாகத்துக்குரிய சான்றிதழோடை ரியூஃப் மாதிரியான சோதனை நிலையத்துக்குப் போய், அவை பாத்து ஒப்பம் வைச்சிருக்க வேணும். சான்றிதழே இல்லாத மாற்றம் எண்டால் 21 ஆம் பிரிவின்படி தனிச்சோதனை. அது நேரமும் காசும் தின்னுற வேலை. அதை விக்கிறவரே செய்து முடிச்சுத் தரட்டும்.

கிறில்லிலை ஒரு 'பி' (B) எழுத்து ஒட்டியிருந்தால் மட்டும் அது, மெர்சிடிஸ் கார்களை டியூன் பண்ணி விக்கிற பிறாபஸின்ர கார் ஆகாது. பொட்ரொப்பிலை 1977 இலை தொடங்கின அந்த நிறுவனம் இதே டபிள்யூ211 உடம்புக்குள்ளை 640 குதிரை வி12 எஞ்சினை வைச்சு, இத்தாலியின்ர நார்டோ ஓட்டப் பாதையிலை மணிக்கு 350.2 கிலோமீற்றர் ஓடிக் காட்டினது. அந்தப் பெயருக்கு இருக்கிற மதிப்பாலை இணையத்திலை 15 யூரோவுக்கு எழுத்து வாங்கி ஒட்டுறவையும் இருக்கினம். உண்மையான வேலை எண்டால் பில் இருக்கும், பதிவிலை பெயர் இருக்கும்.

இனிப் பிறேக். இங்கை கொஞ்சம் மினக்கெட வேணும். டபிள்யூ211 இலை முதல் வந்த கார்களுக்கு எஸ்பிசி எண்ட மின் பிறேக். நீங்கள் மிதிக்கிற மிதி நேரை சில்லுக்குப் போறதில்லை. எவ்வளவு அமத்தினீங்கள் எண்டதைக் கொம்பியூட்டர் வாசிச்சு, ஒரு மின் பம்ப் முன்கூட்டியே சேமிச்சு வைச்ச அழுத்தத்தை ஒவ்வொரு சில்லுக்கும் தனித்தனியாப் பங்கிட்டுக் குடுக்கும். அது பழுதானால் முன் சில்லு இரண்டுக்கும் மட்டும் பழைய முறையிலை அழுத்தம் போகும். மிதி ஆழமாப் போகும், காலாலை பலமா உதைக்க வேணும். 2004 இலை மெர்சிடிஸ் 6,80,000 கார்களை இதுக்காகத் திருப்பி அழைச்சது. 2006 இலை காரின்ர முகத்தோற்றத்தை மாத்தேக்கை இந்த முறையையே கைவிட்டவை. ஈ55 அதுக்கு முதல் வந்தது எண்டபடியாலை எல்லா டபிள்யூ211 ஈ55 இலையும் எஸ்பிசிதான்.

அந்தப் பெட்டி தான் எத்தினை தரம் பிறேக் பிடிச்சது எண்டு எண்ணிக்கொண்டே இருக்கும். எல்லை வந்தால் டாஷ்போட்டிலை எச்சரிக்கை வரும், பெட்டியை மாத்த வேணும். அதாலை மெர்சிடிஸ் கணிப்பொறி இருக்கிற கராஜிலை எண்ணிக்கையை வாசிச்சுப் பாருங்கோ. எப்ப மாத்தினது எண்ட பில்லையும் கேளுங்கோ. எண்ணிக்கை மிகக் குறைவா இருக்கு, பில் இல்லை எண்டால், ஆரோ கருவி போட்டு எண்ணிக்கையைப் பின்னுக்குத் தள்ளியிருக்கலாம். பிறேக் விசயத்திலை இப்பிடி விளையாடின ஆளிட்டை நான் மிச்சக் காரையும் பாக்கமாட்டன், அப்பிடியே திரும்பி வந்திடுவன்.

இந்தக் கார்களிலை பற்றறி இரண்டு: பெரியது டிக்கியிலை, சின்னது பொனட்டுக்குக் கீழை. எது பலவீனமானாலும் எஸ்பிசி கத்தத் தொடங்கும். "அது சும்மா பற்றறிப் பிரச்சினை" எண்டு விக்கிறவர் சொன்னால் உண்மையாவும் இருக்கலாம். அப்ப பற்றறியை மாத்திக் காட்டச் சொல்லுங்கோ. இன்னொண்டு, கவனமா வாசியுங்கோ: வீட்டிலை பிறேக் பாட் மாத்திற பழக்கம் இருந்தால், எஸ்பிசியைக் கருவியாலை நிறுத்தாமல் கையை உள்ளை விடாதேங்கோ. ஆரும் கதவைத் திறந்தாலே பம்ப் எழும்பி அழுத்தம் குடுக்கும். பாட்டை டிஸ்கிலை அமத்திற கலிப்பர் முன்னுக்கு எட்டுப் பிஸ்ரன், விரல் தப்பாது.

முன் டிஸ்க் 360 மில்லிமீற்றர். விளிம்பிலை நகத்தை வைச்சு இழுத்துப் பாருங்கோ, மேடு இருந்தால் தேஞ்சது. சின்ன வெடிப்புகள் தெரிஞ்சால் சூட்டிலை அடிபட்ட டிஸ்க்.

ரயர் பக்கத்திலை இருக்கிற எழுத்தையும் பாருங்கோ. டபிள்யூ எண்டால் 270 மட்டும், வை எண்டால் 300 மட்டும். 250 பூட்டைத் திறந்த காருக்கு டபிள்யூ ரயர் போட்டிருந்தால், சொந்தக்காரர் எங்கை காசு மிச்சம் பிடிச்சிருக்கிறார் எண்டு விளங்கும்.

அடுத்தது சூடு. 5,439 சிசி வி8 எஞ்சின். இரண்டு வரிசை சிலிண்டருக்கும் நடுவிலை, அடுப்பிலை ஏத்தி வைச்ச சட்டி மாதிரி, கொம்பிரசர் இருக்கும். அது பெல்ற்றிலை சுத்தி, காத்தை 0.8 பார் மட்டும் அமத்தி உள்ளை தள்ளும். அமத்தின காத்து சுடும். அதைக் குளிராக்கத் தண்ணியாலை வேலை செய்யிற ஒரு இன்ரர்கூலர் இருக்கு. அந்தத் தண்ணியைச் சுத்தவைக்க முன்பக்கத்திலை கீழை ஒரு சின்ன மின் பம்ப். முழுக் காரின்ர பவரும் அந்தச் சின்னப் பம்பை நம்பித்தான் இருக்கு. அது சத்தமில்லாமல் செத்துப்போகும். லைற் ஒண்டும் எரியாது, கார் வடிவா ஓடும், ஆனா இரண்டாம் தரம் முழுசா மிதிக்கேக்கை இழுவை இருக்காது. எஞ்சின் கொம்பியூட்டர் சூட்டைக் கண்டு தீப்பொறி நேரத்தைப் பின்னுக்கு இழுக்கும், கடைசியிலை கொம்பிரசரின்ர கிளச்சையே கழட்டிவிடும்.

கார்க் கொம்பியூட்டரை வாசிக்கிற ஒரு மலிவான ஓபிடி பிளக்கும் ஃபோனும் இருந்தால் இதைக் கண்டுபிடிக்கலாம். உள்ளிழுக்கிற காத்தின்ர வெப்பநிலையைத் திரையிலை வையுங்கோ. வெளியிலை 20 பாகை எண்டால், சாதாரணமா ஓடேக்கை 30, 35 காட்டும். எஞ்சின் நல்லாச் சூடான பிறகு ஒருக்கால் முழுசா மிதியுங்கோ: 50, 55 மட்டும் ஏறும், காலை எடுத்துக் கொஞ்ச நேரத்திலை இறங்க வேணும். ஒரு நிமிசம் விட்டுத் திரும்ப மிதியுங்கோ. 70, 80 க்குப் போய் அங்கையே நிண்டால் பம்ப் வேலை செய்யேல்லை, இல்லாட்டித் தண்ணிக்குள்ளை காத்துப் பிடிச்சிருக்கு. இது நான் கையாளிற கணக்கு. ஒண்டிரண்டு பாகை கூடக் குறைய வந்தால் பயப்பிடத் தேவையில்லை.

சின்னப் புல்லி போட்டுக் கொம்பிரசரை இன்னும் வேகமாச் சுத்தவிட்டவர், பம்பையும் முன்னாலை இருக்கிற தண்ணி ரேடியேற்றரையும் பெருசாக்கினவரோ எண்டு கேளுங்கோ. இல்லை எண்டால் அந்த 550 குதிரை முதல் மிதிக்கு மட்டும்தான். கோடை காலத்திலை மூண்டாம் மிதியிலை கொம்பனிக் கார் அதை முந்திப் போகும்.

மிச்சத்தைக் கெதியாச் சொல்லுறன். கார் முழுசாக் குளிர்ந்திருக்கிற நேரத்திலை போங்கோ. பொனட்டிலை கையை வைச்சு, சூடா இருந்தால் ஏன் முன்கூட்டி ஸ்ராட் பண்ணினது எண்டு கேளுங்கோ. ஸ்ராட் பண்ணின உடனை முன்பக்கம் கரகரத்தால் பெல்ற் உருளைகள், இல்லாட்டிக் கொம்பிரசர் கிளச் பெயாரிங். கிராங் புல்லியின்ர நடுவிலை இருக்கிற றப்பர் பிரிஞ்சு வருதோ எண்டு ரோச் அடிச்சுப் பாருங்கோ. வால்வ் மூடிகளைச் சுத்தி ஒயில் கசிவு இந்த எஞ்சினுக்குப் பழக்கம், அதுக்காகக் காரை விட வேண்டாம், விலையைக் குறையுங்கோ. ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக், மொத்தம் 16. கடைசியா எப்ப மாத்தினது? காத்துச் சஸ்பென்சன் எண்டபடியாலை இரவு முழுக்க நிண்ட காரின்ர ஒரு மூலை தாழ்ந்திருக்கோ எண்டு தூர நிண்டு பாருங்கோ. கொம்பிரசருக்கு மேலை, எஞ்சினைப் பூட்டின ஆளின்ர கையெழுத்துத் தகடு இருக்கும். அதைக் காணேல்லை எண்டால் ஏனெண்டு விசாரியுங்கோ.

கியர்பொக்ஸ் ஐந்து கியர் ஓட்டோமற்றிக். அந்தக் காலத்து ஏழு கியர் பெட்டி இவ்வளவு முறுக்கைத் தாங்காது எண்டுதான் பழசையே வைச்சவை. நல்ல முடிவு, என்னைக் கேட்டால் இந்தக் காரின்ர பலமே அதுதான். ஆயுள் முழுக்க ஒயில் மாத்தத் தேவையில்லை எண்டு முந்திச் சொன்னதை நம்பி இருந்தவரிட்டை வாங்காதேங்கோ. பெட்டிக்குப் போற வயர் பிளக்காலை ஒயில் ஊறி, வயர் வழியா ஏறிக் கொம்பியூட்டர் மட்டும் போகும்; பிளக்கைத் தடவி விரலைப் பாத்தால் தெரியும்.

ஓடிப் பாக்கிறதுக்கு ஒரு கட்டுப்பாடும் இல்லாத நீளமான றோட்டு வேணும். எங்கட பக்கத்திலை பொட்ரொப்பிலை இருந்து எம்டன் போற ஏ31 நல்லது, வடக்கை போகப் போகச் சனம் குறையும். விக்கிறவரின்ர காப்புறுதி உங்களையும் மூடுமோ எண்டு முதலே கேளுங்கோ. 130 க்கு மேலை போய் ஏதும் நடந்தால், பிழை மற்றவரிலை இருந்தாலும் ஒரு பங்கு பொறுப்பு உங்கட தலையிலை விழலாம். முதல் 15 கிலோமீற்றர் மெல்லமா ஓடுங்கோ. ஈரத்திலை மிதிச்சுப் பாக்க வேண்டாம்: பின் டிஃபரன்சியலுக்குப் பூட்டு இல்லை, ஒரு சில்லு மட்டும் சுத்தும்.

இவ்வளவும் சரி எண்டால் இப்ப பவர் பேப்பரை, அதாவது காரை அளவு மேடையிலை ஓடவிட்டுப் பவரை அளந்த பேப்பரை, கையிலை எடுங்கோ. அதிலை அண்டைய காத்து வெப்பம், எந்த விதியின்படி திருத்தின கணக்கு, சில்லிலை அளந்ததோ எஞ்சினுக்குக் கணக்குப் போட்டதோ எண்ட மூண்டும் இருக்க வேணும். ஒரே ஒரு ஓட்டத்தின்ர கோட்டுக்குப் பெறுமதி இல்லை. அடுத்தடுத்து மூண்டு ஓட்டம், மூண்டாவது முதலாவதிலையிருந்து கன தூரம் இறங்காமல் இருந்தால், அந்த எண்ணை நான் நம்புவன்.

ஒப்பந்தம் எழுதேக்கை மாத்தின ஒவ்வொரு சாமானையும் பேரோடை எழுதுவியுங்கோ, சான்றிதழ்களை அசலாக் கையிலை வாங்குங்கோ. கழட்டின பழைய புல்லியும் கொம்பனி மென்பொருளின்ர பிரதியும் இருக்கோ எண்டு கேட்டு, அதுகளையும் டிக்கியிலை போடுவியுங்கோ. பதிவிலை இல்லாத மாற்றத்தோடை அடுத்த முறை சோதனைக்குப் போய் நிண்டால், வீட்டை திரும்பி வர அதுகள் தேவைப்படும்.