மாநகர் மன்றத்துக்குப் பசுமைப் பொருள் விற்க: முதல் செபுட் ஹர்கா (விலைப்புள்ளி) போடுபவர்களுக்கு

என் அக்காள் மகன் போன வருடம் பினாங்கு மாநிலத்துப் பிறையில் ஒரு சின்ன சப்ளை கம்பெனி தொடங்கினான். விளக்கு, தரை கழுவும் திரவம், காகிதம் என்று அலுவலகங்களுக்கு வேண்டிய சில்லறைச் சாமான்கள்தான். பட்டர்வொர்த்தில் தே தாரேக் குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டான்: "மாமா, மஜ்லிசுக்கு வெல கம்மியா போட்டா கிடைச்சிடும்தானே?" மஜ்லிஸ் என்றது மாநகர் மன்றத்தை. முன்பு அப்படித்தான் நினைத்துப் போட்டுக்கொண்டிருந்தோம். இப்போது அது பாதிக் கதை. அன்று அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

பசுமைக் கொள்முதல் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வாங்குகிற அன்றைய விலையோடு நிற்காமல், அந்தப் பொருள் எவ்வளவு மின்சாரம் குடிக்கும், எத்தனை வருடம் உழைக்கும், கடைசியில் எங்கே போய்க் குப்பையாகும் என்பதையும் பார்த்து வாங்குவது. 11ஆவது மலேசியத் திட்டத்தில் (2016–2020) அரசாங்கக் கொள்முதலில் 20 விழுக்காடு பசுமையாக இருக்கவேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். பினாங்குக்கு இந்தப் பேச்சு புதிதும் இல்லை. 2009லேயே இலவச பிளாஸ்டிக் பையை நிறுத்தத் தொடங்கிய ஊர். 2016இலிருந்து வீட்டிலேயே குப்பையைப் பிரிக்கச் சொல்கிற ஊர்.

முதல் வேலை: பதிவு

எஸ்.எஸ்.எம். (கம்பெனி ஆணையம்) பதிவு எல்லோரிடமும் இருக்கும். அது போதாது. நிதியமைச்சின் இ-பெரோலேஹான் (மின்கொள்முதல்) தளத்தில் சப்ளையராகப் பதிந்து, உங்கள் பொருளுக்கான கோட் பிடாங் (துறை எண்) எடுக்கவேண்டும். கட்டுமான வேலை என்றால் சி.ஐ.டி.பி. (கட்டுமானத் தொழில் வாரியம்) பதிவு வேண்டும். செபுட் ஹர்கா விளம்பரத்தில் கேட்கும் துறை எண்ணும் உங்கள் எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால் விலை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயனில்லை. இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை, பொறுமைதான் வேண்டும்.

அடுத்தது: ஸ்பெசிஃபிகாசியைப் படிப்பது

புதிதாக வருபவர்கள் விலை எழுதும் பக்கத்துக்கு நேராகப் போய்விடுகிறார்கள். முதலில் பொருளின் விவரக்குறிப்பைப் படியுங்கள். ஒரு மார்க்கர் எடுத்து, "மைஹிஜாவ்", "சிரிம் ஈகோ லேபல்" (இரண்டும் பசுமைப் பொருளுக்குத் தரும் முத்திரைகள்), மின்சக்தி நட்சத்திரம், தண்ணீர்ச் சிக்கன முத்திரை ஆகிய சொற்கள் எங்கெங்கே வருகின்றன என்று கோடு போடுங்கள். "கட்டாயம்" என்றிருக்கிறதா, "இருந்தால் நல்லது" என்றிருக்கிறதா என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டாயமான ஒன்று உங்களிடம் இல்லையென்றால் அந்த செபுட் ஹர்காவை விட்டுவிடுங்கள். இடத்தை நேரில் பார்க்க வரச் சொல்லியிருந்தால் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள். அதற்குப் போகாதவர்களின் விலையைப் பல இடங்களில் திறந்தே பார்ப்பதில்லை.

மைஹிஜாவ் முத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. எம்.ஜி.டி.சி. என்ற அரசாங்க நிறுவனம் நடத்துகிற அங்கீகாரம் அது. வேறு அங்கீகரிக்கப்பட்ட சான்றிதழ் ஏற்கெனவே உள்ள பொருளுக்குத்தான் கொடுப்பார்கள். பட்டியல் இணையத்திலேயே இருக்கிறது. உங்கள் மொத்த வியாபாரி "எல்லாம் கிரீன் ஐட்டம்தான் பிரதர்" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து அந்தப் பட்டியலில் தேடிப் பாருங்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒருமுறை ஒரு மன்றத்துக்குத் தரை கழுவும் திரவம் கொடுக்க விலை போட்டோம். சான்றிதழ் பக்காவாக இருந்தது. ஆனால் அது எலுமிச்சை வாசனைக்கு வாங்கியது, நாங்கள் விலை போட்டதோ லாவெண்டருக்கு! கம்பெனி ஒன்று, கேன் ஒன்று, மாடல் எண்ணில் கடைசி எழுத்து மட்டும் வேறு. அந்த ஒரு எழுத்தில் போய்விட்டது. அதிலிருந்து சான்றிதழில் மூன்றை விரலால் தொட்டுப் பார்ப்பேன்: மாடல் எண், காலாவதித் தேதி, யார் பெயரில் கொடுத்திருக்கிறார்கள். தேதி, பொருள் ஒப்படைக்கும் நாளையும் தாண்டியிருக்கவேண்டும்.

இப்போது முக்கியமானது: ஆயுள் கணக்கு

மஜ்லிஸ் கேட்காவிட்டாலும் ஒரு பக்கத்தில் இந்தக் கணக்கைப் போட்டு இணையுங்கள். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் பொருளுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு டேவானில் (மண்டபத்தில்) 100 எல்.ஈ.டி. குழல்விளக்கு மாற்றவேண்டும். ஒரு வருடத்தில் 3,000 மணி நேரம் எரியும். மின்சாரம் யூனிட் 50 சென் என்று வைத்துக்கொள்வோம். ஏணி போட்டு ஒரு விளக்கை மாற்றக் கூலி 20 வெள்ளி (ரிங்கிட்).

மலிவு விளக்கு: விலை 12 வெள்ளி, 18 வாட், 15,000 மணி நேரம் உழைக்கும். நல்ல விளக்கு: விலை 25 வெள்ளி, அதே வெளிச்சத்துக்கு 12 வாட் போதும், 45,000 மணி நேரம் உழைக்கும்.

15 வருடத்துக்குப் பார்ப்போம். மலிவானதை மூன்று முறை வாங்கி மாட்டவேண்டும்: 3 × 32 = 96 வெள்ளி. மின்சாரம் 810 யூனிட், 405 வெள்ளி. மொத்தம் 501. நல்லதை ஒரே முறை: 45 வெள்ளி. மின்சாரம் 540 யூனிட், 270 வெள்ளி. மொத்தம் 315. ஒரு விளக்குக்கு 186 வெள்ளி மிச்சம், டேவான் முழுவதற்கும் 18,600. தொடக்கத்தில் அதிகமாகக் கேட்டதோ விளக்குக்கு 13 வெள்ளிதான்.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் மருமகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல மாமா" என்றான்.

ஒரு எச்சரிக்கை. "45,000 மணி நேரம்" என்று எழுதினால் சோதனை அறிக்கையும் வாரண்டியும் அதற்கு ஒத்துப்போகவேண்டும். வாரண்டி ஒரு வருடம் என்று அடியில் எழுதிவிட்டு மேலே 15 வருடக் கணக்குக் காட்டினால் படிப்பவர் சிரிப்பார்.

பழையதை என்ன செய்வது?

டேவானில் கழற்றுவது பழைய ஃபுளோரசண்ட் குழலாக இருந்தால் உள்ளே பாதரசம் இருக்கும். 2005ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் விதிமுறைகளின்படி பாதரசக் கழிவு அட்டவணைக் கழிவு (அபாயமானது என்று சட்டம் பட்டியலிட்ட கழிவு), எண் எஸ்.டபிள்யூ. 109. லோரியில் ஏற்றிக் குப்பை மேட்டில் கொட்டக்கூடாது. "பழையதை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்" என்று எழுத ஆசையாக இருக்கும், எழுதினால் மதிப்பும் கூடும்தான். ஆனால் சுற்றுச்சூழல் துறை உரிமம் பெற்ற கம்பெனியோடு முதலில் பேசி, அவர்கள் விலையையும் சேர்த்துக்கொண்டு எழுதுங்கள்.

கடைசியாக, ஒப்படைப்பு. ஆவணங்களை அவர்கள் கேட்ட வரிசையிலேயே அடுக்குங்கள், எல்லாப் பக்கத்திலும் முத்திரை குத்துங்கள், ஒரு பிரதி கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் போடச் சொல்லியிருந்தால் பெரும்பாலும் நண்பகல் 12 மணிக்கு மூடிவிடுவார்கள். பினாங்குத் தீவுக்குப் போகிறவர்கள் பாலத்து நெரிசலோடு, மன்ற அலுவலகம் இருக்கும் கொம்தார் கட்டடத்தில் லிஃப்டுக்கு நிற்கும் கூட்டத்தையும் கணக்கில் வைத்துக் கிளம்புங்கள்.