ஹெட்டின் திருகுதான் காரணம்

மாமா லண்டனிலிருந்து கொண்டுவந்து கொடுத்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினி இன்னும் என்னிடம் இருக்கிறது. 1982இல் வெளிவந்த மாடல், 48 கே நினைவகம். சென்ற வாரம் அதில் விளையாட ‘மேனிக் மைனர்’ விளையாட்டின் கேசட்டை டேப் ரெக்கார்டரில் போட்டேன். திரை ஓரத்தில் சிவப்பும் வெளிர்நீலமுமாகப் பட்டைகள், பிறகு நீலமும் மஞ்சளும், கடைசியில் ‘டேப் லோடிங் எர்ரர்’. நான்கு முறையும் அதேதான். ரெக்கார்டரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன். பழுப்பு அழுக்கு வந்தது, பிழை போகவில்லை.

கோளாறு ஹெட்டின் சாய்வில் இருந்தது. ஹெட்டை ஒட்டி, ஸ்பிரிங் மாட்டிய சின்னத் திருகு ஒன்று உண்டு. கேசட் ஓடும்போதே, இரைச்சலைக் காதால் கேட்டபடி அதை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். மந்தமான ஒலி கூர்மையாகக் கீச்சிட்ட இடத்தில் நிறுத்தினேன். கால் சுற்றுகூட ஆகவில்லை.

மீண்டும் லோட் செய்து என்டரைத் தட்டினேன். முதல் குகையில் விளையாட்டின் நாயகன் வில்லி நின்றுகொண்டிருந்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.