பிள்ளையின் ஆபரேஷனுக்குப் பிறகு நாம் செய்யும் தவறுகள்

"எறும்பு கடிச்ச மாதிரிதான்டா இருக்கும்." ஊசிக்குச் சொல்லும் இந்தப் பொய்யை நம் மதுரைப் பக்கம் ஆபரேஷனுக்கும் சொல்கிறார்கள். ஜிகர்தண்டா வாங்கித் தருகிறேன் என்று பஸ் ஏற்றி நேரே வார்டில் கொண்டுபோய்ப் படுக்க வைப்பவர்களும் உண்டு. கண் விழித்ததும் வலிக்கும், கூடவே 'ஏமாத்திட்டாங்க, இன்னும் என்ன செய்வாங்களோ' என்ற பயமும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் நீங்கள் எதைச் சொன்னாலும் பிள்ளை நம்பாது. "கொஞ்சம் வலிக்கும், அதுக்கு மருந்து இருக்கு, நான் பக்கத்துலயே இருப்பேன்" என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

பயம் வலியைக் கூட்டும் என்பது பாட்டி கதை இல்லை. அமெரிக்காவில் டான்சில் ஆபரேஷன் செய்துகொண்ட, 5 முதல் 12 வயதுள்ள 241 பிள்ளைகளைக் கவனித்து 2006ல் ஓர் ஆய்வு வெளியானது. முன்னால் அதிகம் பயந்த பிள்ளைகளுக்குப் பின்னால் வலியும் அதிகம், வீட்டுக்குப் போன பிறகு வலி மருந்தும் அதிகம் தேவைப்பட்டது, தூக்கமும் கெட்டது.

என் தங்கை மகனுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது, மறுநாள் காலையில் அவன் பாட்டுக்கு போனில் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். உசிலம்பட்டியிலிருந்து அப்பத்தா ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, "பச்சப் புள்ள வயித்தக் கீறிட்டாங்களே" என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னது. பையன் போனை வைத்துவிட்டுத் தன் வயிற்றைப் பார்த்தான், அவ்வளவுதான், ஒரு மணி நேரம் அழுகை. பாசம்தான், ஆனால் அழுகிறவர்கள் வராந்தாவில் அழுதுவிட்டு உள்ளே வரட்டும். பிறகு அதே அப்பத்தாவை அழகர் ஆற்றில் இறங்கும் கதையைச் சொல்லச் சொன்னோம், கதை முடிவதற்குள் நர்ஸ் கட்டு மாற்றிவிட்டுப் போய்விட்டார்.

அரை மணிக்கொரு தரம் "வலிக்குதா, வலிக்குதா" என்று கேட்பதும் இதே ரகம். "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா" என்று விடாமல் சொன்னாலும் பிள்ளைக்கு 'என்னமோ இருக்கு' என்றுதான் கேட்கும். மருந்து நேரத்தில் ஒரு தடவை கேளுங்கள், போதும்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. "பயம்தான், வலியெல்லாம் சும்மா" என்று மருந்தை நிறுத்துவது. பயத்தால் கூடிய வலியும் நிஜ வலிதான், பிள்ளை நடிக்கவில்லை. டாக்டர் எழுதிய பாராசிட்டமாலை அழும்வரை காத்திருக்காமல் அவர் சொன்ன நேரத்துக்கே கொடுங்கள். பெரியவர்களுக்கு வாங்கி மிச்சமிருக்கும் மாத்திரையை உடைத்துக் கொடுக்கவே கூடாது, அதிலும் ஆஸ்பிரினும் கோடீனும் சிறு பிள்ளைகளுக்கு ஆபத்து. குறைந்துகொண்டிருந்த வலி திடீரென்று கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, தையல் போட்ட இடம் சிவந்து வீங்கினாலோ உடனே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.