பஸ் பாஸைக் கவுன்சில் ஏன் நிறுத்துகிறது? இங்கிலாந்தில் நம்மவர்கள் செய்யும் தவறுகள்

பென்சன் வயதை எட்டியவர்களுக்கும் உடற்குறைபாடு உள்ளவர்களுக்கும் கவுன்சில், அதாவது உள்ளாட்சி நிர்வாகம், கொடுக்கும் இலவச பஸ் பாஸ் உங்களிடம் இருக்கிறது. பஸ்ஸில் ஏறி அட்டையை மெஷினில் வைக்கிறீர்கள். சிவப்பு விளக்கு எரிகிறது. பின்னால் வரிசை நிற்கிறது. நேற்று வரை வேலை செய்த பாஸ் இன்று ஏன் நின்றது என்று டிரைவருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்து பாஸ் நின்றுபோனவர்களில் ஏமாற்றி மாட்டிக்கொண்டவர்கள் குறைவு. கவுன்சிலுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டவர்களே அதிகம்.

அட்டையில் உங்கள் படமும் பெயரும் இருந்தாலும் அது கவுன்சிலின் சொத்து. 2007-ல் வந்த சட்டத்தின்படி, 2008 ஏப்ரல் 1 முதல் இங்கிலாந்து முழுவதும் உள்ளூர் பஸ்களில் இந்த பாஸ் செல்லும். வார நாட்களில் காலை 9.30 முதல் இரவு 11 வரை, சனி, ஞாயிறு, பொது விடுமுறைகளில் நாள் முழுவதும். இந்தப் பயணங்களுக்காக பஸ் கம்பெனிக்கு ஈடு கொடுப்பது கவுன்சில். உங்களுக்கு இலவசம், அவர்களுக்குச் செலவு. அதனால்தான் யார் கையில் எந்த அட்டை இருக்கிறது என்று அவ்வப்போது சரிபார்க்கிறார்கள்.

நம் வீடுகளில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு, அட்டையை இன்னொருவருக்குக் கொடுப்பது. ஊரிலிருந்து ஆறு மாத விசிட் விசாவில் சித்தி வந்திருப்பார். "அக்காவும் தங்கையும் ஒரே சாயல்தானே, கொண்டுபோங்கோ" என்று அம்மாவின் பாஸைக் கையில் திணித்துவிடுவார்கள். டிரைவர் படத்தை உற்றுப் பார்த்தால் அட்டையை அங்கேயே வாங்கி வைத்துக்கொள்ளலாம். சித்தி டிக்கெட் காசோ அபராதமோ கட்ட வேண்டி வரலாம். அம்மாவின் பாஸ் ரத்தாகலாம், விஷயம் பெரிதானால் வழக்கு வரைக்கும் போகலாம். விசிட்டில் வந்தவருக்குத் தனியாக விண்ணப்பிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். முடியாது. அந்தக் கவுன்சில் பகுதியில் இருப்பது அவருடைய ஒரே வீடாகவோ முதன்மை வீடாகவோ இருக்க வேண்டும்.

இதே விதி இன்னொரு பக்கமும் கடிக்கும். குளிர் தாங்காமல் அக்டோபரில் யாழ்ப்பாணமோ சென்னையோ போய்ச் சித்திரைக்குப் பிறகு திரும்புகிற பெரியவர்கள் உண்டு. சில மாதம் ஊரில் நின்றதாலேயே பாஸ் போய்விடாது. ஆனால் அந்த நேரத்தில் கவுன்சிலிடமிருந்து "இன்னும் இந்த முகவரியில்தான் இருக்கிறீர்களா?" என்று கடிதம் வந்து, யாரும் பிரிக்காமல் மேசையில் கிடந்தால் பாஸ் நிற்கலாம். லண்டனில் இந்த பாஸுக்கு ஃப்ரீடம் பாஸ் என்று பெயர். அதற்கு அதன் காலத்தின் நடுவிலேயே இப்படி ஒரு முகவரிச் சரிபார்ப்பு நடக்கிறது. ஊருக்குப் போகும்போது தபாலைப் பிரிக்க ஒருவரை ஒழுங்கு செய்துவிட்டுப் போங்கள்.

வீடு மாறும்போது பெரும்பாலும் பஸ் பாஸ் யாருக்கும் நினைவு வருவதில்லை. லண்டனில் இருந்த மகன் லண்டனுக்கு வெளியே லூட்டனில் வீடு வாங்கினான், பெற்றோரும் கூடப் போய்விட்டார்கள் என்று வையுங்கள். பழைய ஃப்ரீடம் பாஸ் லூட்டன் பஸ்ஸிலும் வேலை செய்யும் என்பதால் அப்படியே ஓட்டுகிறார்கள். அது தவறு. பழைய பாஸைக் கொடுத்த இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு, புதிய கவுன்சிலில் விண்ணப்பிக்க வேண்டும். லண்டன் எல்லையைத் தாண்டியவருக்கு ஃப்ரீடம் பாஸில் கிடைத்த ட்யூப் (நிலத்தடி ரயில்) இலவசம் போய்விடும். வருத்தம்தான், ஆனால் விதி அதுதான்.

வீட்டில் ஒருவர் இறந்துபோனால் அவருடைய பாஸையும் ரத்து செய்யச் சொல்ல வேண்டும். இறப்பைப் பதிந்துவிட்டோம், எல்லா இடத்துக்கும் தானாகத் தகவல் போகும் என்று நம்பியிருக்காதீர்கள். இங்கிலாந்தில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை தேசிய அளவில் பாஸ் பட்டியலை இறப்புப் பதிவுகளோடு ஒப்பிடுகிறார்கள். அப்பாவின் அட்டை அவர் போன பிறகும் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தால் பதில் சொல்ல வேண்டியது குடும்பம்தான்.

தொலைந்தது என்று புகார் சொல்லிப் புது அட்டை வாங்கிய பின் பழையது கோட்டுப் பைக்குள் கிடைக்கும். அதை வெட்டிப் போடுங்கள். அதன் எண் ஏற்கெனவே தடைப் பட்டியலில் ஏறியிருக்கும்.

உடற்குறைபாட்டுக்கான பாஸில் குழப்பம் அதிகம். உடற்குறைபாடு உள்ளவர்களுக்கு அரசு கொடுக்கும் பி.ஐ.பி. உதவித்தொகை வாங்கினாலே பாஸ் உண்டு என்று நினைக்கிறார்கள். பொதுவாகக் கவுன்சில்கள் மேல்விசாரணை இல்லாமல் ஏற்பது, அந்த உதவித்தொகைக்கான மதிப்பீட்டில் நடமாடுவதற்கோ வாய்மொழியாகப் பேசுவதற்கோ 8 புள்ளியாவது கிடைத்தால்தான். பயணத்தைத் திட்டமிடுவதில் கிடைத்த புள்ளிகள் இதில் சேராது. அப்படியானவர்கள் வேறு ஆதாரம் காட்ட வேண்டியிருக்கும். உதவித்தொகை மறுபரிசீலனையில் புள்ளி குறைந்தாலும் அடுத்த புதுப்பிப்பில் கேள்வி வரும்.

கவுன்சில் எதை எடுக்கலாம், எதை எடுக்க முடியாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. வயதும் வசிப்பிடமும் பொருந்தி, விதிப்படி நடப்பவரின் அடிப்படை பாஸ் சட்டம் கொடுத்த உரிமை. பட்ஜெட் சரியில்லை என்று கவுன்சில் அதைப் பறிக்க முடியாது. ஆனால் 9.30-க்கு முன்னால் பயணம், துணைக்கு வருபவருக்கும் இலவசம் போன்றவை கவுன்சில் தன் விருப்பத்தில் கொடுக்கும் சலுகைகள். அவற்றை மாற்றலாம், நிறுத்தலாம். லண்டனில் சில கவுன்சில்கள் சட்டம் சொல்லும் உடற்குறைபாட்டுப் பட்டியலுக்குள் வராதவர்களுக்கும் விருப்பத்தின்பேரில் ஃப்ரீடம் பாஸ் தருகின்றன. அது லண்டனுக்கு வெளியே பஸ்ஸில் செல்லாது.

வயதுக் கணக்கிலும் இப்போது தடுமாற்றம் இருக்கிறது. பஸ் பாஸ் வயது அரசுப் பென்சன் வயதோடு கட்டப்பட்டது. அது 2026 ஏப்ரலில் இருந்து 2028-க்குள் 66-லிருந்து 67-க்குப் போகிறது. 1960 ஏப்ரல் 6 அன்றோ அதற்குப் பின்னோ பிறந்தவர்கள் 66-வது பிறந்தநாளன்றே விண்ணப்பித்தால் திரும்பி வரும். லண்டனில் 60 வயதில் கிடைக்கும் ஆய்ஸ்டர் என்ற பயண அட்டை வேறு. அதையும் இதையும் ஒன்றாக நினைத்து வெளியூர் பஸ்ஸில் நீட்டாதீர்கள்.

அப்புறம் நம் பெயர்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முன்னால், கவுன்சில் டாக்ஸ் பில்லில் இனிஷியல் மட்டும், பேங்கில் இன்னொரு வரிசை. நமக்கு அது ஒரே ஆள், கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். முகவரி பொருந்தவில்லை என்று வரும் கடிதங்களில் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். விண்ணப்பத்தில் ஒரே எழுத்துக்கூட்டலைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பாஸ் நின்றுவிட்டால் முதலில் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். போனில் பேசினால் பேசியவர் பெயரையும் தேதியையும் குறித்து வையுங்கள். கவுன்சிலின் மேல்முறையீட்டில் முடியாவிட்டால் கவுன்சில்கள் மீதான புகார்களை விசாரிக்கும் உள்ளாட்சி ஆம்புட்ஸ்மனிடம் போகலாம், செலவில்லை. ஆனால் அவர்கள் பார்ப்பது கவுன்சில் முறைப்படி முடிவெடுத்ததா என்பதைத்தான். முறையில் தவறு இல்லாவிட்டால் முடிவைத் தூக்கி எறிய மாட்டார்கள். அதனால் டாக்டர் கடிதமோ முகவரி ஆதாரமோ, இருப்பதையெல்லாம் கவுன்சிலிலேயே முதல் தடவையில் கொடுத்துவிடுங்கள்.