பணம் வரவில்லையா? தாலுகா ஆபீசுக்கு ஓடுவதற்கு முன்…

"உனக்கு ஏறிடுச்சா? எனக்கு இன்னும் வரலை." மாத நடுவில் எங்கள் பகுதி ரேஷன் கடை வரிசையில் இந்தப் பேச்சு கேட்காமல் இருக்காது. அடுத்து வரும் வரியும் எனக்கு மனப்பாடம்: "பேரை எடுத்துட்டாங்க போல."

இதுதான் முதல் தவறு. பணம் கிளம்பவே இல்லை என்பது ஒன்று. கிளம்பி வேறெங்கோ போய்ச் சேர்ந்தது என்பது இன்னொன்று. வந்த பணத்தை வங்கியே பிடித்துக்கொண்டது என்பது மூன்றாவது. இந்த மூன்றில் எது நடந்தது என்று தெரியாமல் மனு எழுதினால், வங்கி செய்ய வேண்டிய வேலைக்காகத் தாசில்தார் அலுவலக வாசலில் ஒரு நாள் கூலி போகும்.

பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று தமிழ்நாடு அரசு 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையை வைத்தே சொல்கிறேன். வங்கி சம்பந்தமான விஷயங்கள் முதியோர் ஓய்வூதியம், மகப்பேறு நிதியுதவி போன்றவற்றுக்கும் அப்படியே பொருந்தும்.

தேதியிலிருந்து தொடங்கலாம். மாதம் 15ஆம் தேதி பணம் ஏறும் என்பது கல்வெட்டு அல்ல. திட்டம் தொடங்கிய அடுத்த மாதமே, 2023 அக்டோபரில், 15 ஞாயிற்றுக்கிழமை என்பதால் 14ஆம் தேதியே பணம் வந்தது. 2024 ஜனவரியில் பொங்கலுக்காக 10ஆம் தேதியே போட்டார்கள். குறுஞ்செய்தி வரவில்லை என்பதற்காகப் பணமும் வரவில்லை என்று முடிவு கட்டக்கூடாது. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய நம்பர் வங்கியில் இருந்தால் செய்தி எப்படி வரும்? அந்த நம்பர் இப்போது வேறு யாரிடமாவது இருக்கலாம். பாஸ்புக்கில் வரவு பதிந்து பாருங்கள். ஏடிஎம்மில் மீதித் தொகையை மட்டும் பார்த்தால் போதாது. பணம் வந்து, அதே நாளில் பிடித்தமும் ஆகியிருந்தால் மீதியில் ஒன்றும் தெரியாது.

அப்புறம் ஆதார். "ஆதாரைத்தான் பேங்கில் கொடுத்துட்டேனே" என்று எல்லோரும் சொல்வார்கள். கணக்கு தொடங்கும்போது அடையாளத்துக்காக ஆதார் நகல் கொடுப்பது வேறு, அரசுப் பணம் வாங்கும் கணக்கு இதுதான் என்று ஆதாரோடு இணைப்பது வேறு. நீங்கள் நான்கு வங்கிகளில் ஆதார் கொடுத்திருந்தாலும், ஆதார் எண்ணை வைத்து அனுப்பப்படும் பணம் ஒரே ஒரு வங்கிக்குத்தான் போகும். கடைசியாக எதை இணைத்தீர்களோ, அதற்கு.

எங்கள் தெருவில் இட்லிக் கடை போட்டிருக்கும் அக்காவுக்கு இப்படித்தான் ஆனது. மூன்று மாதம் பணம் வரவில்லை என்று அலைந்தார். விசாரித்தால், குழுக் கடனுக்காக வேறொரு வங்கியில் கணக்கு தொடங்கி, காட்டிய இடத்திலெல்லாம் கைரேகை வைத்திருக்கிறார். அந்தப் படிவத்தில் "அரசு மானியத்தை இந்தக் கணக்கில் பெற விரும்புகிறேன்" என்ற கட்டத்தில் யாரோ டிக் அடித்துவிட்டார்கள். 3,000 ரூபாயும் அங்கே பத்திரமாக இருந்தது. அக்கா சிரித்தார். ஆனால் அந்த மூன்று மாதமும் மாவு, கேஸ் எல்லாம் கடனில் ஓடியது.

இதை வீட்டிலிருந்தே பார்க்கலாம். மைஆதார் இணையதளத்தில் ஓடிபி கொடுத்து நுழைந்தால், எந்த வங்கி இணைந்திருக்கிறது, எப்போது இணைந்தது என்று காட்டும். செல்பேசி தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஐந்து நிமிட வேலை. மாற்ற வேண்டுமென்றால், பணம் வர வேண்டிய வங்கிக் கிளையில் படிவம் எழுதிக் கொடுங்கள்.

கணக்கு எண்ணை வைத்து அனுப்பும் பணத்துக்கு வேறு தொல்லை. வங்கிகள் இணைந்தபோது ஐஎஃப்எஸ்சி, அதாவது கிளையைக் காட்டும் குறியீடு, மாறியது. 2020இல் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும் சேர்ந்தன. பழைய பாஸ்புக்கைப் பார்த்து விண்ணப்பத்தில் எழுதினால் பணம் திரும்பிப் போகும். இரண்டு வருடம் நீங்களாகப் பணம் போடாமலும் எடுக்காமலும் விட்ட கணக்கு, செயலற்ற கணக்கு ஆகிவிடலாம். கேஒய்சி, அதாவது அடையாள, முகவரி விவரங்களைப் புதுப்பித்துத்தான் அதை எழுப்ப வேண்டும்.

பிடித்தம் என்று சொன்னேனே, அதுதான் வயிற்றெரிச்சல். 2023 செப்டம்பரில் முதல் தவணை வந்தபோதே, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சில வங்கிகள் அந்த ஆயிரத்தில் கை வைத்தன. அப்படிப் பிடிக்கக்கூடாது என்று மாநில நிதியமைச்சரே அறிக்கை விட வேண்டியிருந்தது. அதற்காக ஒவ்வொரு முறையும் அமைச்சர் பேசுவார் என்று காத்திருக்க முடியாது. உங்கள் கணக்கை அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். அதற்குக் குறைந்தபட்ச இருப்பே கிடையாது. இன்னொன்று: கடன் தவணை தானாகப் பிடிக்கப்படும் கணக்கும் உதவித்தொகை வரும் கணக்கும் ஒன்றாக இருக்க வேண்டாம். ஒரு மாதம் பணம் தாமதமானால் தவணை திரும்பும், அதற்கு அபராதம் விழும், அடுத்த மாதம் வரும் பணத்தில் அதுவும் கழியும்.

சரி, வங்கியில் எல்லாம் சரியாக இருக்கிறது, உண்மையிலேயே விண்ணப்பம்தான் நிராகரிக்கப்பட்டது என்றால்? இங்கே நடக்கும் பெரிய தவறு, காரணத்தைக் கேட்காமல் விதியை நொந்துகொள்வது. முதல் கட்டத்தில் சுமார் 1.63 கோடிப் பேர் விண்ணப்பித்து, 1.06 கோடிப் பேர் தேர்வானார்கள். மற்றவர்களுக்கு வருவாய்க் கோட்டாட்சியரிடம் இ-சேவை மையம் வழியாக மேல்முறையீடு செய்ய 30 நாள் கொடுத்தார்கள். 2023 நவம்பரிலேயே 7 லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் புதிதாகச் சேர்ந்தார்கள்.

மேல்முறையீட்டில் "நான் ஏழை, கருணை காட்டுங்கள்" என்று மட்டும் எழுதிப் பயனில்லை. அரசு பார்த்தது கணக்குகளை: குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள், நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், கார் இருக்கக்கூடாது. எந்தக் கணக்கில் மாட்டினீர்களோ, அதற்குப் பதில் சொல்ல வேண்டும். பழைய காரை விற்று ஆண்டுகள் ஆகியிருக்கும், ஆர்சி புத்தகத்தில் பெயர் மாற்றியிருக்க மாட்டார்கள். போக்குவரத்துத் துறை ஏட்டில் நீங்கள் இன்னும் கார் முதலாளி. கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன மகன் அரசு வேலையில் இருப்பார், அவர் பெயர் அம்மாவின் ரேஷன் அட்டையிலேயே கிடக்கும். ரேஷன் அட்டையில் இருப்பவர்கள்தான் குடும்பம் என்பதால் அம்மாவுக்குப் பணம் இல்லை. மாடியில் குடியிருப்பவருக்கும் உங்கள் மீட்டரிலிருந்தே கரண்ட் போனால் அவர் ஏசியும் உங்கள் கணக்கில்தான். இதையெல்லாம் முதலில் சரிசெய்து, அந்தச் சான்றோடு போனால்தான் பேச்சு எடுபடும்.

ஒருமுறை இல்லை என்றால் எப்போதும் இல்லை என்றும் நினைக்க வேண்டாம். விதிகள் தளரும். அரசு மானியத்தில் வாங்கிய நான்கு சக்கர வாகனம் வைத்திருப்பவர்களுக்கு 2025இல் விலக்கு வந்தது. அந்த ஆண்டு ஜூலையில் தொடங்கிய முகாம்களில் மீண்டும் மனு வாங்கி, டிசம்பர் 12 அன்று இன்னும் சுமார் 17 லட்சம் பேரைச் சேர்த்தார்கள். முன்பு நிராகரிக்கப்பட்டதால் முகாமுக்கே போகாத இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

மாற்றம் என்று பேச்சு கிளம்பினாலே யூடியூபில் திருவிழா. "இந்த மாதம் இரட்டிப்புப் பணம்" என்று சிறுபடம் போடுபவருக்கு வருமானம் உங்கள் பார்வையில். அதைவிட மோசம், "தொகையை உயர்த்தித் தருகிறோம், ஓடிபி சொல்லுங்க" என்று வரும் அழைப்பு. எந்த அதிகாரியும் போனில் ஓடிபி கேட்க மாட்டார். விண்ணப்பப் படிவத்துக்குப் பணம் கேட்பவரிடமும் கொடுக்க வேண்டாம்.

எங்கே போய்ச் சொன்னாலும் ஒப்புகை வாங்காமல் வராதீர்கள். "வாய்ல சொன்னேன், பார்க்கிறேன்னாங்க" என்பது எங்கேயும் பதிவாகாது. முதல்வரின் உதவி எண் 1100இல் புகார் சொன்னால் ஓர் எண் தருவார்கள். அதை ரேஷன் அட்டையின் நகலில் தேதியோடு எழுதி வையுங்கள். இட்லிக் கடை அக்கா இப்போது அதை கேஸ் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார், பக்கத்தில் எந்த வங்கி என்பதையும் சேர்த்து.